ஜாக் த ரிப்பர் காலத்துல போலீஸ் ஏன் கோட்டை விட்டுச்சு? விக்டோரியா காலக் கொலை வழக்குகள் பத்தி பேசுவோம்

கோடம்பாக்கம்_கணேஷ்:
நேத்து ராத்திரி லண்டன் வைட்சேப்பல் ஏரியாவுல நடந்த ஜாக் த ரிப்பர் கொலைகள் பத்தி ஒரு வீடியோ பாத்தேன். 1888 ஆகஸ்ட் 31ல ஆரம்பிச்சு நவம்பர் 9 வரைக்கும் அஞ்சு பொம்பளைங்க, எல்லாமே நடந்து போற தூரத்துக்குள்ள, ஒருத்தனையும் கோர்ட்ல நிறுத்த முடியல. வீடியோ முழுக்க அவன் இவன்னு சந்தேக நபர் லிஸ்ட் தான். எனக்கு அது வேணாம். ஸ்காட்லாண்ட் யார்டுங்கற லண்டன் போலீஸ் அப்பவே உலகப் புகழ், ஊர் பூரா ஆள் போட்டிருந்தாங்க, அப்புறம் எப்படி விட்டாங்க? தெறமை இல்லையா, அக்கறை இல்லையா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய_தாள்:
கணேஷ் தம்பி, நான் பதினஞ்சு வருஷமா அந்தக் காலத்து இன்குவெஸ்ட், அதாவது சந்தேக மரண விசாரணைகளைத்தான் படிச்சுட்டிருக்கேன், கொலைகாரன் யாருங்கற கேள்வியை விட்டே ரொம்ப நாளாச்சு. படிக்கப் படிக்க எனக்கு ஒண்ணுதான் திரும்பத் திரும்பத் தெரியுது. துப்பறியற ஆள் வந்து நிக்கறதுக்குள்ள தடயத்தைக் கழுவி வெச்சிருப்பாங்க. சும்மா சொல்லல, நிஜமாவே பக்கெட் தண்ணி ஊத்திக் கழுவியிருக்காங்க.

மேரி ஆன் நிக்கல்ஸ் கேஸைப் பாருங்க. ஆகஸ்ட் 31 விடியக்காலை மூணே முக்கால் வாக்குல பக்ஸ் ரோங்கற தெருவுல வேலைக்குப் போற வண்டிக்காரர் ஒருத்தர் பாக்கறார். டாக்டர் லெவெலின் வந்து லாந்தர் வெளிச்சத்துல கழுத்தைப் பாத்துட்டு உயிர் இல்லன்னு சொல்லி, மார்ச்சுவரிக்குக் கொண்டு போங்கன்னுட்டு வீட்டுக்குப் போயிட்டார். பாடியைத் தள்ளுவண்டியில எடுத்துட்டுப் போன கையோட பக்கத்து வீட்டுப் பையன் தெருவுல இருந்த ரத்தத்தைக் கழுவி விட்டுட்டான். இன்ஸ்பெக்டர் ஸ்ப்ராட்லிங் அதுக்கப்புறம் தான் வர்றார். அவர் மார்ச்சுவரிக்குப் போயி அடையாளக் குறிப்பு எழுதறப்போ துணியைத் தூக்கிப் பாத்தாத்தான் வயித்தைக் கிழிச்சிருக்கறதே தெரியுது! டாக்டரைத் திரும்பக் கூப்பிட்டு விட்டாங்க. அந்த மார்ச்சுவரின்னு சொல்றது ஏழை விடுதிக்குச் சொந்தமான ஒரு ஷெட்டு, அவ்வளவுதான். வைட்சேப்பல்ல பொது மார்ச்சுவரியே கிடையாது. அங்க வேலை பாத்த ரெண்டு பேரு அந்த விடுதியில தங்கியிருந்த வயசானவங்க, அவங்க பாட்டுக்கு துணியெல்லாம் கழட்டி முத்தத்துல குவிச்சுட்டு உடம்பைக் குளிப்பாட்டிட்டாங்க. தொடாதீங்கன்னு சொன்னோம்னு போலீஸ் சொல்லுது, யாரும் எங்ககிட்ட சொல்லலன்னு அவங்க சொல்றாங்க.

அந்தத் துணிக் குவியல்ல இருந்த உள்பாவாடையில லாம்பெத் ஏழை விடுதியோட முத்திரை குத்தியிருந்துச்சு. அதை வெச்சுத்தான் பேரே தெரிஞ்சுது. அந்த முத்திரையும் இல்லன்னா 43 வயசுல செத்த அந்தம்மா பேர் இல்லாமலேயே மண்ணுக்குள்ள போயிருப்பாங்க.

ரிட்டயர்டு_எஸ்ஐ:
வணக்கம். 31 வருஷம் சர்வீஸ் பண்ணி ஓய்வு பெற்றவன். அம்மா எழுதினதைப் படிச்சதும் மனசு கனத்துடுச்சு. எங்க டிபார்ட்மெண்ட்ல ஸ்பாட்டை எப்படி வெச்சுக்கறோம்கறது தான் கேஸோட உசுரு. நானே ஒரு கிராமத்துல சந்தேக மரணம்னு போயி நின்னப்போ வீடு பூரா சாணி போட்டு மெழுகி, பாடிக்கு மஞ்சத்தண்ணி ஊத்தி, மாலையும் போட்டு வெச்சிருந்தாங்க. கெட்ட எண்ணத்துல செய்யல, செத்தவங்களுக்குச் செய்ய வேண்டியதுன்னு செஞ்சாங்க. அந்தக் கேஸ் நிக்கல. இன்னிக்கும் அந்த வீட்டு வாசல் என் கண்ணுல நிக்குது.

லண்டன் போலீஸ் 1829ல ஆரம்பிச்சதே ரோந்து போயி குற்றம் நடக்காம தடுக்கத்தான். துப்பறியற பிரிவுன்னு தனியா வந்தது 1842ல, அதுவும் எட்டே எட்டு பேரு. 1877ல அந்தப் பிரிவோட பெரிய ஆளுங்களே மோசடிக்காரங்ககிட்ட காசு வாங்கி மாட்டி ஜெயிலுக்குப் போனாங்க, அதுக்கப்புறம் தான் 1878ல சிஐடி. அப்போ ரிப்பர் சமயத்துல சிஐடிக்கு வயசு பத்து. ஸ்பாட்டுக்கு முதல்ல போற கான்ஸ்டபிளுக்கு என்ன செய்யணும்னு பழக்கம் எங்கேர்ந்து வரும்?

கோடம்பாக்கம்_கணேஷ்:
ஐயா, அக்கா, ரெண்டு பேருக்கும் நன்றி. ஆனா ஒரு சந்தேகம், முதல் கொலையில தப்பு நடந்துச்சு சரி, அடுத்ததுலயாவது உஷாரா இருந்திருக்கலாம்ல?

பழைய_தாள்:
அதான் தம்பி வயிறு எரியுது. எட்டு நாள் கழிச்சு செப்டம்பர் 8, ஹான்பரி ஸ்ட்ரீட் 29ம் நம்பர் வீட்டுப் பின்கட்டுல ஆனி சாப்மன். அதே ஷெட்டுக்குத்தான் கொண்டு போனாங்க. இந்தத் தடவை ரெண்டு நர்ஸுங்க துணியைக் கழட்டிக் கழுவிட்டாங்க, டாக்டர் பிலிப்ஸ் வந்து பாத்துட்டு இந்த மாதிரி எடத்துல நான் எப்படி போஸ்ட்மார்ட்டம் பண்றதுன்னு இன்குவெஸ்ட்லயே புகார் சொன்னார். இன்குவெஸ்ட் நடத்தின அதிகாரி, கரோனர் பேக்ஸ்டரும் மார்ச்சுவரி இல்லாததைக் கண்டிச்சார்.

ஆனி சாப்மன் கேஸ்ல இன்னொரு சிக்கல் இருக்கு, எனக்கு ராத்திரித் தூக்கம் போற விஷயம் அது. டாக்டர் ஆறரை மணிக்குப் பாத்துட்டு, செத்து ரெண்டு மணி நேரமாவது ஆகியிருக்கும், அதுக்கு மேலயும் இருக்கலாம்னாரு. அப்படின்னா நாலரைக்கு முன்னாடியே செத்திருக்கணும். ஆனா அந்த வீட்டம்மாவோட மகன் ஜான் ரிச்சர்ட்சன் நாலே முக்கா வாக்குல பின்கட்டுப் படியில உக்காந்து, கால்ல குத்திட்டிருந்த பூட்ஸ் தோலைக் கத்தியால சீவிட்டுப் போயிருக்கார், பாடி கிடந்த எடம் அவர் காலுக்குப் பக்கம், ஒண்ணும் இல்லங்கறார். பக்கத்து வீட்டு ஆல்பர்ட் கடோஷ் அஞ்சு இருபதுக்கு மேல வேலிக்கு அந்தப்பக்கம் "நோ"ன்னு ஒரு குரலும் வேலி மேல என்னவோ சாயற சத்தமும் கேட்டேங்கறார். எலிசபெத் லாங்னு ஒரு அம்மா அஞ்சரைக்கு வாசல்ல அவங்களை ஒரு ஆளோட பாத்தேங்கறாங்க. டாக்டரை நம்பினா மூணு சாட்சியும் போச்சு, சாட்சிகளை நம்பினா டாக்டர் போச்சு. அன்னிக்கு சாவு நேரம் சொல்றதுன்னா உடம்பைத் தொட்டுப் பாத்து எவ்வளவு சில்லுனு இருக்குன்னு சொல்றது தான். குளிர்ந்த விடியக்காலை, வயித்தைத் திறந்து வெச்ச உடம்பு, ரத்தம் பூரா போயிருக்கு, சீக்கிரம் சில்லிட்டுப் போகாதா? பிலிப்ஸே அந்தக் குளிரைச் சொல்லி இடம் விட்டுத்தான் பேசினார். நான் சாட்சிகள் பக்கம் தான்.

மீனா_லேப்:
நான் ஒரு ஃபாரன்சிக் லேப்ல செராலஜி பிரிவுல, அதாவது ரத்தம் சோதிக்கற பிரிவுல வேலை பாக்கறேன். அக்கா சொன்ன சாவு நேரம் இன்னிக்கும் தகராறு தான், உடம்பு சூட்டை வெச்சு ஒரு எல்லை சொல்லுவாங்களே தவிர நிமிஷக் கணக்கா யாராலயும் சொல்ல முடியாது.

ரத்தம் பத்தி சொல்றேன். 1860கள்லயே குவாயக்கம் சோதனை, ஹைட்ரஜன் பெராக்சைடு சோதனை எல்லாம் வந்தாச்சு. ஆனா அதெல்லாம் "ரத்தமா இருக்கலாம்"ங்கற அளவுக்குத்தான், துருவும் சில காய்கறிச் சாறும் கூட ஏமாத்தும். மனுஷ ரத்தமா மாட்டு ரத்தமான்னு நம்பிக்கையா பிரிச்சுச் சொல்றது ஜெர்மனியில உலன்ஹூத் 1901ல கண்டுபிடிச்ச சோதனைக்கு அப்புறம் தான். லாண்ட்ஸ்டைனர் ரத்த வகையைப் பிரிச்சதும் அதே சமயம். இப்போ பக்ஸ் ரோவுக்கு அடுத்த தெருவுல விடிய விடிய குதிரை அறுக்கற தொட்டி ஓடிட்டிருந்துச்சு, அங்க வேலை பாத்த மூணு பேரு பாடியைப் பாக்கவே வந்து நின்னாங்க. சுத்துவட்டாரம் பூரா கசாப்புக்கடை. ஏப்ரன்ல ரத்தத்தோட ஒருத்தன் விடியக்காலை நடந்து போனா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. போலீஸ் பிடிச்சாலும் இது பன்னி ரத்தம்னு அவன் சொல்லிட்டா மறுக்க வழியே கிடையாது.

தினேஷ்87:
இதெல்லாம் சரி, ஆனா ராஜ குடும்பத்தைக் காப்பாத்த மூடி மறைச்சாங்கன்னு சொல்றாங்களே? செவுத்துல எழுதினதை கமிஷனரே அழிச்சாராமே, அது ஏன்?

பழைய_தாள்:
தினேஷ், ராணியோட பேரன் ஆல்பர்ட் விக்டர் கொலை நடந்த தேதிகள்ல லண்டன்லயே இல்ல. யார்க்‌ஷயர், ஸ்காட்லாண்டு, சாண்ட்ரிங்கம்னு இருந்தார், அரண்மனைக் குறிப்புலயே இருக்கு. அந்தக் கதையை இதோட விட்டுடலாம்.

செவுத்து விஷயம் நிஜம், அதுக்கான காரணத்தையும் தெரிஞ்சுக்கணும். செப்டம்பர் 30, நடுராத்திரி தாண்டி ரெண்டு கொலை. ஒரு மணிக்கு பெர்னர் ஸ்ட்ரீட்ல எலிசபெத் ஸ்ட்ரைட், ஒண்ணே முக்காலுக்கு மைட்டர் ஸ்கொயர்ல கேதரின் எட்டோஸ். மொதல் எடம் மெட்ரோபாலிட்டன் போலீஸ், ரெண்டாவது எடம் சிட்டி ஆஃப் லண்டன் போலீஸ். ரெண்டும் வேற வேற படை, வேற வேற கமிஷனர். கொலைகாரன் கேதரினோட ஏப்ரன்ல ஒரு துண்டை அறுத்துட்டு கோல்ஸ்டன் ஸ்ட்ரீட்டுக்கு வந்து ஒரு வாசல்படியில போட்டுட்டுப் போயிட்டான், அது மறுபடியும் மெட்ரோபாலிட்டன் எல்லை. ரெண்டு அம்பத்தஞ்சுக்கு கான்ஸ்டபிள் லாங் அந்தத் துணியைப் பாக்கறார், மேல செவுத்துல சாக்பீஸ்ல யூதர்களைப் பத்தி ஒரு வரி. சிட்டி போலீஸ் டிடெக்டிவ் ஹால்ஸ் போட்டோ எடுக்கற வரைக்கும் இருக்கட்டும்னு கெஞ்சறார், மேல் வரியை மட்டுமாவது அழிச்சுட்டு மிச்சத்தை விடுங்கன்னு கூட கேட்டாங்க. மெட்ரோபாலிட்டன் கமிஷனர் வாரன் நேர்ல வந்து அஞ்சரை மணிக்கு மொத்தத்தையும் அழிக்க வெச்சார். ஞாயித்துக்கெழமை, பெட்டிகோட் லேன் சந்தைக்குக் கூட்டம் வர்ற நேரம், அந்த வாசல் மேல யூதக் குடும்பங்க குடியிருக்கு, கலவரம் வந்துடும்னு பயந்தார்.

பயம் நியாயமானது தான், மூணு வாரம் முன்னாடி தான் "லெதர் ஏப்ரன்"னு பேப்பர்காரங்க கிளப்பி விட்டு ஜான் பைசர்னு ஒரு யூதச் செருப்புத் தொழிலாளியைக் கொல்லாத குறையா விரட்டினாங்க. முதல் கொலை நடந்த ராத்திரி துறைமுகத்துல தீப்பிடிச்சதை ஹாலோவே ரோட்ல நின்னு பாத்துட்டு ஒரு போலீஸ்காரர்கிட்டயே பேசிட்டிருந்தாருன்னு நிரூபணம் ஆச்சு, அதுக்குள்ள அவர் மானம் போச்சு. ஆனாலும் ஒரு போர்வையைத் தொங்க விட்டு மறைச்சிருந்தா போதாதா? இப்போ அந்த வரியோட வாசகமே ரெண்டு விதமா இருக்கு, மெட்ரோபாலிட்டன் எழுதி வெச்சது ஒண்ணு, ஹால்ஸ் எழுதினது ஒண்ணு, "இல்லை"ங்கற வார்த்தை எங்க வருதுங்கறதுலயே வித்தியாசம். கையெழுத்தை ஒப்பிடவும் வழி போச்சு.

இளவாலை_தர்ஷன்:
வணக்கம், நான் இஞ்ச ஈஸ்ட் ஹாம்ல இருக்கிறன், வேலை வைட்சேப்பல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில. அக்கா சொன்ன பக்ஸ் ரோ 1892லயே டர்வர்ட் ஸ்ட்ரீட் எண்டு பேர் மாத்தியாச்சு. அந்தக் காலத்துப் பள்ளிக்கூடக் கட்டடம் மட்டும் நிக்குது, இப்ப அது குடியிருக்கிற பிளாட். நான் ஒருநாள் விடிய மைட்டர் ஸ்கொயரில இருந்து கோல்ஸ்டன் ஸ்ட்ரீட் வரைக்கும் நடந்து பாத்தனான், சும்மா நடந்தாலே பத்து நிமிசத்துக்குள்ள வந்திட்டன். ஆனா அந்தப் பத்து நிமிசத்தில ரெண்டு போலீஸிண்ட எல்லை மாறுது எண்டு யோசிக்க எனக்கு விசர் வந்திட்டுது.

மைட்டர் ஸ்கொயரைப் பற்றி ஒண்டு சொல்லோணும். கான்ஸ்டபிள் வாட்கின்ஸ் ஒண்டரைக்கு அந்த மூலையை லாந்தர் அடிச்சுப் பாத்தவர், ஒண்டுமில்லை. பதினாலு பதினஞ்சு நிமிசத்தில சுத்தி வந்து பாத்தா உடம்பு கிடக்குது. அதே சதுக்கத்தில ஒரு கோடவுன்ல காவலுக்கு இருந்தவர் முந்தி போலீஸ்ல இருந்தவர், கதவு கொஞ்சம் திறந்துதான் இருந்தது. எதிர் வீட்டில ஒரு சிட்டி போலீஸ்காரர் குடும்பத்தோட நித்திரை. ஒருத்தருக்கும் ஒரு சத்தமும் கேக்கேல்லை. போலீஸ் இல்லாத இடத்தில நடந்தது எண்டு சொல்லேலாது, போலீஸுக்கு நடுவில நடந்தது.

ரிட்டயர்டு_எஸ்ஐ:
தம்பி சொன்னது பீட் முறையோட பலவீனம். கான்ஸ்டபிள் இத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை இந்த எடத்துக்கு வருவார்னு கணக்கு. ரெண்டு நாள் கவனிச்சா போதும், யாருக்கும் தெரிஞ்சுடும். அது குடிச்சுட்டுக் கலாட்டா பண்றவனுக்கும் பூட்டு உடைக்கறவனுக்கும் போட்ட ஏற்பாடு.

இன்னொண்ணு, கொலை கேஸ்ல பெரும்பாலும் செத்தவங்களுக்குத் தெரிஞ்ச ஆளு தான் செஞ்சிருப்பான், அதனால வீட்டைச் சுத்தி விசாரிச்சா நூல் கிடைச்சுடும். முன்னப்பின்ன தெரியாதவன் செஞ்சா அந்த நூலே கிடையாது. அக்டோபர் 19 தேதி போட்டு சீஃப் இன்ஸ்பெக்டர் ஸ்வான்சன் எழுதின ரிப்போர்ட்டைப் படிச்சிருக்கேன். 80,000 நோட்டீஸ் வீடு வீடா குடுத்திருக்காங்க, லாட்ஜிங் ஹவுஸ்ல 2,000 பேருக்கு மேல விசாரிச்சிருக்காங்க, 76 கசாப்புக்காரங்க இடத்துக்குப் போயிருக்காங்க, 80 பேரை ஸ்டேஷன்ல வெச்சு விசாரிச்சிருக்காங்க, 300 பேரைப் பத்தி தனியா விசாரணை. அக்கறை இல்லன்னு யாரும் சொல்லிடாதீங்க. இன்ஸ்பெக்டர் ஆபர்லைன் அந்த ஏரியாவுல பல வருஷம் வேலை பாத்தவர், சந்து பொந்து அத்துப்படி. ஆனா நாலு பென்ஸ் குடுத்தா ஒரு ராத்திரி படுக்க எடம், நாளைக்கு வேற எடம், வேற பேரு. அப்படிப்பட்ட ஊர்ல ஒருத்தன் நேத்து எங்க இருந்தான்னு எதை வெச்சு உறுதி பண்றது?

கோடம்பாக்கம்_கணேஷ்:
கைரேகை அப்போ இல்லவே இல்லையா?

மீனா_லேப்:
அறிவு இருந்துச்சு, அமைப்பு இல்ல. ஹென்றி ஃபால்ட்ஸ்ங்கற டாக்டர் 1880லயே நேச்சர் பத்திரிகைக்கு கைரேகையால குற்றவாளியை அடையாளம் காணலாம்னு எழுதினார், லண்டன் போலீஸ்கிட்டயும் சொல்லிப் பாத்தார், எடுபடல. இதுல நம்ம நாட்டுக்கு நேரடித் தொடர்பு இருக்கு. கல்கத்தாவுல தான் 1897ல கைரேகை பீரோ வந்துச்சு, ரேகைகளை வகை பிரிச்சு ஃபைல்ல தேடற முறையை உருவாக்கினதுல அஜிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ்னு ரெண்டு பேரோட உழைப்பு பெருசு, பேரு என்னவோ மேலதிகாரி எட்வர்ட் ஹென்றிக்குப் போச்சு. அவர் தான் அதை 1901ல ஸ்காட்லாண்ட் யார்டுக்குக் கொண்டு போனார். இங்கிலாந்துல கைரேகையால கொலைக்குத் தண்டனை கிடைச்சது 1905ல, டெப்ட்ஃபர்ட் பெயிண்ட் கடை கேஸ், பணப்பெட்டியில பதிஞ்ச கட்டைவிரல் ரேகை. ரிப்பருக்கு 17 வருஷம் பிந்தி.

பழைய_தாள்:
வைட்சேப்பலை மட்டுமே பேசிட்டிருந்தா ஏழைங்க ஏரியா அதனால தான்னு தோணிடும். பணக்கார வீட்டுக் கேஸ் ஒண்ணு சொல்றேன், ரோட் ஹில் ஹவுஸ், 1860 ஜூன் கடைசி. மூணு வயசுப் பையன் சாவில் கென்ட்டை ராத்திரி தொட்டில்ல இருந்து தூக்கிட்டுப் போயி கழுத்தறுத்து வெளிக் கக்கூஸ்ல போட்டிருக்காங்க. வீடு உள்ளேயிருந்து பூட்டினது, வீட்டு ஆளுங்கள்ல ஒருத்தர் தான். அன்னிக்கு சாயங்காலமே அடுப்படி கொதிகலன் பொந்துல ரத்தக்கறையோட ஒரு பொம்பளை உள்சட்டை கிடைச்சுது. லோக்கல் போலீஸ் அதை எடுத்து வெச்சுக்கல, மறுபடி அங்கேயே வெச்சாங்க, காலையில பாத்தா காணோம். இந்த லட்சணத்துல வீட்டுக்காரர் கென்ட், ராத்திரி காவலுக்கு வந்த கான்ஸ்டபிள்களைச் சமையக்கட்டுல வெச்சு வெளியில தாப்பா போட்டிருக்கார்! அவமானமா இருந்ததோ என்னவோ, சட்டை கிடைச்ச விஷயத்தையே லோக்கல் போலீஸ் மறைச்சுட்டாங்க.

ரெண்டு வாரம் கழிச்சு லண்டன்ல இருந்து இன்ஸ்பெக்டர் ஜோனதன் விச்சர் வர்றார், 1842ல துப்பறியற பிரிவு ஆரம்பிச்சப்போ இருந்த அந்த எட்டுப் பேர்ல ஒருத்தர், அவ்வளவு கெட்டிக்காரர். அவர்கிட்ட அந்தச் சட்டையைப் பத்தி யாரும் மூச்சு விடல. அவரா சலவைக் கணக்கை எடுத்து வெச்சு, பதினாறு வயசு மூத்த தாரத்து மக கான்ஸ்டன்ஸுக்கு மூணு நைட்டிரெஸ் இருக்கணும், ஒண்ணு குறையுதுன்னு கண்டுபிடிச்சார். அதை வெச்சே கைது பண்ணார். ஊரே கொதிச்சுது, தோட்டக்காரன் மகன் ஒருத்தன் பெரிய வீட்டுப் பொண்ணோட உள்துணியைப் பத்தி கோர்ட்ல பேசறதான்னு. மாஜிஸ்ட்ரேட்டுங்க அவளை விட்டுட்டாங்க, பத்திரிகையும் பார்லிமெண்டும் விச்சரைக் கிழிச்சுது, 1864ல உடம்பு மனசு ரெண்டும் போயி ஓய்வு எடுத்துட்டார். மறு வருஷம் கான்ஸ்டன்ஸ் தானா வந்து நான் தான் செஞ்சேன்னு ஒத்துக்கிட்டா. அவ ஒத்துக்கலன்னா இன்னிக்கும் அது தீராத கேஸ் தான், விச்சர் பேரும் கெட்டது கெட்டது தான்.

தினேஷ்87:
அக்கா அந்த உள்சட்டையை எடுத்துப் பையில போட்டு சீல் வெச்சிருந்தா போதுமே... படிக்கவே ஆத்திரமா வருது. ராஜ குடும்பக் கதையை நான் இனிமே பேசல. கடைசியா செத்த மேரி கெல்லி கேஸ்ல மட்டும் போலீஸ் கரெக்டா செஞ்சாங்கன்னு படிச்சேன், போட்டோ கூட எடுத்திருக்காங்களே?

பழைய_தாள்:
போட்டோ எடுத்தாங்க, அது உண்மை, ஸ்பாட்டுலயே எடுத்தது. ஆனா அதுக்கு முன்னாடி நடந்ததைப் பாருங்க. நவம்பர் 9, மில்லர்ஸ் கோர்ட் 13ம் நம்பர் ரூம். காலையில பத்தே முக்காலுக்கு வாடகை பாக்கி 29 ஷில்லிங் கேக்க வந்த ஆளு, உடைஞ்ச ஜன்னல் வழியா திரையை விலக்கிப் பாத்துட்டு ஓடறார். பதினொண்ணு பதினொன்றரைக்குள்ள போலீஸ், டாக்டர், ஆபர்லைன் எல்லாரும் வந்தாச்சு. யாரும் உள்ள போகல. மோப்ப நாய் வருது, கதவைத் திறந்தா வாசனை கலைஞ்சுடும்னு காத்துக்கிட்டே இருந்தாங்க. பார்னபி, பர்கோன்னு ரெண்டு நாய், அக்டோபர்ல பார்க்ல ஓட விட்டுச் சோதிச்சாங்க. ஆனா நவம்பர்ல அந்த நாய்ங்க போலீஸ் கையிலயே இல்ல, அது அங்க நிக்கறவங்களுக்குத் தெரியல. ஒன்றரை மணிக்கு சூப்ரின்டெண்ட் ஆர்னால்ட் வந்து நாய் வராதுன்னு சொன்ன அப்புறம் கோடாலி வெச்சுக் கதவை நெம்பினாங்க.

அந்தக் கதவுக்குச் சாவி தொலைஞ்சு நாளாச்சு. மேரி கெல்லி தினமும் அதே உடைஞ்ச ஜன்னல்ல கையை விட்டுத்தான் தாப்பாளை எடுப்பாங்க.

இன்குவெஸ்ட்டை 12ம் தேதி ஒரே நாள்ல முடிச்சுட்டாங்க. அன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு ஜார்ஜ் ஹட்சின்சன்னு ஒருத்தர் ஸ்டேஷனுக்கு வந்து, கொலை நடந்த ராத்திரி மேரி கெல்லி கூட ஒரு ஆளைப் பாத்தேன்னு விலாவாரியா சொல்றார். சத்தியப் பிரமாணம் எடுக்க வெச்சு, குறுக்குக் கேள்வி கேக்கற எடம் அதுக்குள்ளயே மூடியாச்சு.

கோடம்பாக்கம்_கணேஷ்:
அக்கா, இந்த இன்குவெஸ்ட் பேப்பரெல்லாம் இப்பவும் இருக்கா? படிக்கணும் போல இருக்கு.

பழைய_தாள்:
கேதரின் எட்டோஸ், மேரி கெல்லி ரெண்டு பேரோட அசல் இன்குவெஸ்ட் பேப்பர் தான் தப்பிச்சிருக்கு. மத்தவங்களோடது அன்னிக்கு நாளேடுகள்ல சாட்சி சொன்னது சொன்னபடி அச்சாச்சே, அதை வெச்சுத்தான் படிக்கறோம்.

கேதரினோடதை முதல்ல படிங்க தம்பி. சிட்டி போலீஸ் அன்னிக்கு ஒழுங்கா வேலை பாத்தாங்க, இன்ஸ்பெக்டர் காலர்ட் வந்து எடத்தை மறிச்சார், சதுக்கத்தை அளந்து வரைபடம் போட ஆளைக் கூட்டிட்டு வந்தாங்க, மார்ச்சுவரியில துணியைக் கழட்டறப்போ ஒவ்வொண்ணா எழுதினாங்க. கொலைகாரன் கிடைக்கல, ஆனா அந்த லிஸ்ட்டால அந்தம்மா நமக்குக் கிடைச்சாங்க. தகர டப்பாவுல டீத்தூள், இன்னொரு டப்பாவுல சக்கரை, ஆறு துண்டு சோப்பு, பன்னெண்டு வெள்ளைத் துணிக் கிழிசல், மூக்குக் கண்ணாடியில ஒரு பகுதி, ஊசி நூல். வீடுன்னு ஒண்ணு இல்லாததால சொத்து பூரா மேலயே சுமந்திருக்காங்க. பக்கத்துல கிடந்த கடுகு டப்பாவுல ரெண்டு அடகுச் சீட்டு. அதுல ஒண்ணு கூட வாழ்ந்த ஜான் கெல்லியோட பூட்ஸை அடகு வெச்சது. அந்த அடகுச் சீட்டு சமாச்சாரத்தைப் பேப்பர்ல படிச்சுட்டுத்தான் அவர் ஓடி வந்து அடையாளம் காட்டினார்.

கோடம்பாக்கம்_கணேஷ்:
படிச்சுட்டேன் அக்கா. அன்னிக்கு ராத்திரி எட்டே முக்கா வாக்குலேர்ந்து அவங்க பிஷப்ஸ்கேட் ஸ்டேஷன்ல போதையில லாக்கப்ல இருந்திருக்காங்க, தெளிஞ்சுடுச்சுன்னு ஒரு மணிக்குத்தான் வெளிய விட்டிருக்காங்க. முக்கா மணி நேரம் தான் உயிரோட இருந்திருக்காங்க. லிஸ்ட்ல சிவப்புக் கையுறை ஒண்ணுன்னு போட்டிருக்கு, ஜோடி இல்ல, ஒண்ணே ஒண்ணு. இன்னொண்ணு எங்கன்னு தேடிட்டு நான் மறுபடி முதல்லேர்ந்து படிச்சேன்.